செவ்வாய்க்கிழமைப் பருந்துகள்

பருந்து பறப்பது அழகு என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அழகாம் அழகு! ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவளிடம் வந்து பருந்தின் அழகைப் பற்றிப் பேசக் கூடாது. எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லலாம், தலைக்கு மேல் நாலைந்தாவது சுற்றிக்கொண்டிருக்கும். ஷாப்புக்கு வண்டி வண்டியாகப் பச்சைத் தோல் வந்து இறங்கும். அதில் வாலும் காதும் கொழுப்பும் சதைத் துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். அதையெல்லாம் சீவி எடுத்து, சாயங்காலம் வேலை முடிந்ததும் ஊருக்குக் கீழே பாலாற்றங்கரையில் கொட்டுவார்கள். அந்த நேரத்துக்குப் பருந்தும் பிணந்தின்னிக் கழுகும் அங்கே கூடும், தின்னும், இருட்டுவதற்குள் போய்விடும். அதன் வேலை அதற்கு, எங்கள் வேலை எங்களுக்கு. யாருக்கும் தொந்தரவு இல்லை.

அவற்றைக் காலை வேளையில், எங்கள் தெருவுக்கு மேலே, செவ்வாய்க்கிழமை தவறாமல் வரப் பழக்கியது எங்கள் அம்மா. என் தம்பியின் உயிரைக் காப்பாற்றத்தான் பழக்கினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நைனா, அதாவது எங்கள் அப்பா, தோல் ஷாப்பில் மேஸ்திரி. சாய்த்து நிறுத்திய மரக்கட்டையின்மேல் தோலைப் போர்த்தி, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் சதையைச் சீவுகிற ஆட்களுக்கு அவர்தான் தலைவர். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவர் மேலே அந்த வாடை இருக்கும். நான் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். எனக்குப் பிறகு தம்பி. நாங்கள் இரண்டே பேர்தான். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். அவருடைய பிள்ளைகள் பெரியம்மா முறையில் யாரையோ 'காலா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, நானும் தம்பியும் அவரையே 'காலா' என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே தெருவுக்கெல்லாம் நிலைத்துவிட்டது.

தம்பிக்குச் சின்ன வயதில் விஷக்காய்ச்சல் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான். டாக்டர் மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. அப்போது காலா ஒரு துண்டு ஆட்டு ஈரலோடு வந்தார். அதை அவன் தலையை மூன்று முறை சுற்றினார், மாடிக்குப் போய் வீசினார். தரையில் விழுவதற்குள் ஒரு பருந்து வந்து கவ்விக்கொண்டு போனது. "சதக்கா, தர்மம் குடுத்தாச்சு. கண்டம் அதோட போச்சு, நீ அழாதம்மா" என்று அம்மாவின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டருக்கு ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை! நாங்கள் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறோம், அவர்கள் கறி சுற்றிப் போடுகிறார்கள், அவர்களுடையது இன்னும் சீக்கிரம் கேட்கிறது என்று அம்மா தீர்மானித்துவிட்டாள்.

சீனாக்காரன் சண்டை முடிந்த கையோடு நிறையப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். தம்பி காலேஜ் முடித்திருந்தான். எங்களிடம் சொல்லாமலே எழுதிப் போட்டு, பரீட்சை எழுதி, விமானம் ஓட்டுகிற பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டான். நைனா செய்தியைக் கேட்டதும் எழுந்து ஷாப்புக்குப் போய்விட்டார். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். "இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அதையும் ஆகாசத்துல விட்டுட்டு நான் கீழ நின்னு பாக்கணுமா?" என்று கேட்டாள். நான் ஒருத்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என்னை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவன் ஓட்டப் பழகியது ஒரு சின்ன ஜெட் விமானம். அதற்கு 'லவா' என்று வடக்கத்திப் பெயர். லவா என்றால் காடையாம். முதல் விடுமுறையில் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "காடையா? அதைத் தோலு உரிச்சு மொளகு போட்டு வறுத்தில்ல துன்னுவோம்?" என்று நைனா கேட்டார். தம்பி சிரித்துப் புரையேறிவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. பேரைக் கேட்டாலே எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுந்து போய்விட்டாள்.

அவன் அதைப் பற்றிச் சொல்லும்போது புதுப் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுகிறவன் போல முகம் மாறும். பாடம் கற்றுக் கொடுப்பதற்கென்றே செய்தது, மற்ற விமானங்களில் இருப்பதுபோல் முன்னும் பின்னுமாக இல்லாமல் வாத்தியாரும் மாணவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம் என்றான். சண்டை என்று வந்தால் இறக்கைக்கு அடியில் குண்டும் துப்பாக்கியும் மாட்டிக்கொண்டு இதுவே போய் அடித்துவிட்டு வருமாம். "சின்னதுன்னு நெனைக்காத அக்கா, உதைச்சிட்டுக் கிளம்பிச்சுன்னா கண்ணு ரெண்டும் பின்னால ஒட்டிக்கும்" என்றான். "வேணான்டா சாமி, உன் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்றேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோல் ஷாப்புச் சங்கு ஊதி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்த நேரம், கிழக்கே வேலூர்ப் பக்கமிருந்து ஒரு இரைச்சல் வந்தது. பாலாற்றையும் ரயில் பாதையையும் கீழே பார்த்துக்கொண்டே வழி கண்டுபிடித்துப் பறக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் செவ்வாய்தோறும் வரும் பாடம். அந்தப் பாதை எங்கள் வீட்டுக்கு மேலேயே போயிற்று. வெள்ளியாக மின்னிக்கொண்டு, தென்னை மரங்களுக்குக் கொஞ்சம் மேலே அது வந்தது. எங்கள் தெருவுக்கு நேராக வந்ததும் இடமும் வலமுமாக இறக்கையை ஆட்டியது. "நம்ம பையன்டா! நம்ம மேஸ்திரி புள்ளடா!" என்று ஷாப்பு வாசலில் ஆட்கள் துண்டை எடுத்துச் சுழற்றினார்கள். நான் தெருவில் நின்று குதித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய் அம்மா காலா வீட்டுக் கொல்லையில் நின்றாள். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் கறி வாசனையே கூடாது, முட்டை உடைத்தால்கூட அம்மா ஆடித் தீர்த்துவிடுவாள். அப்படிப்பட்டவள் காலாவிடம் சொல்லி ஈரல் வாங்கி வரச் செய்து, அவர் வீட்டுக் கொல்லையிலேயே வைத்து, தம்பியின் பழைய சட்டை ஒன்றைக் கொடியில் மாட்டி, அந்தச் சட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லாததால் அவன் சட்டை. சுற்றி முடித்து ஓட்டுக்கு மேலே வீசினாள். எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து எடுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் வந்தது, லவா வந்தது, இறக்கையை ஆட்டியது, பத்திரமாகப் போயிற்று. அம்மாவுக்கு அது போதும்.

இப்படியே விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் தெருவுக்கு எதையும் கம்மியாகச் செய்யத் தெரியாது. பையன் ஊருக்கே பையன் ஆகிவிட்டான். எதிர்வீட்டுக்காரி அவள் பங்குக்கு ஒரு துண்டு கறி போட்டாள். மூலை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் முடிந்த கையோடு மிச்சக் கறியை எடுத்து வைத்திருந்து போட்டார்கள். ஷாப்பு ஆட்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலம் ஆற்றங்கரையில் கொட்ட வேண்டிய வாலையும் சதையையும் ஒரு கூடை ஒதுக்கி வைத்து, செவ்வாய்க் காலையில் சங்கு ஊதியதும் எங்கள் தெருமுனையில் கொண்டுவந்து கொட்டினார்கள். "தம்பிக்காகம்மா, நல்லா இருக்கட்டும்" என்று அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு. அம்மாவுக்குக் கண் கலங்கிப் போகும். விமானம் வருவதற்குள் தெருவே திருவிழா மாதிரி இருக்கும்.

பருந்துகளின் எண்ணிக்கை ஜாஸ்தியாகிக்கொண்டே வந்தது. முதலில் கறியைக் கண்டு வந்தன. பிறகு கூடையைக் கண்டு வந்தன. மார்கழி வாக்கில் சங்குச் சத்தத்துக்கே வர ஆரம்பித்தன. வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் தரையில் நிழல் ஓடும், ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகும். ஏன் என்று அப்போது தெரியவில்லை. "சனியன் பிடிச்ச பறவைங்க" என்று தண்ணீரை வாரி மேலே அடிப்பேன். அது பாதிகூட எட்டாது.

பொங்கலுக்குத் தம்பி வந்தான். கூடவே அவனுக்குப் பாடம் சொல்லித் தருகிற அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்தான். வடக்கத்திக்காரர், வயதில் தம்பியைவிட ரொம்பப் பெரியவர் இல்லை, ஆனாலும் தம்பி அவரைச் 'சார்' என்றுதான் சொல்வான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அம்மாவைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொட்டு, 'மாஜி' என்றார், அம்மா என்று அர்த்தமாம். அம்மா ஆடிப்போய்விட்டாள். எங்கள் வீட்டு ரசத்தைக் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர, இன்னும் ஒரு டம்ளர் என்று கையைக் காட்டினார். காலா வீட்டில் இந்துஸ்தானியில் வாய் ஓயாமல் பேசி, பிரியாணியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு அம்மா இருக்கிறார், தம்பி ஒருவன் இருக்கிறான் என்பதெல்லாம் காலா மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. "நல்ல புள்ளைம்மா, வாயாடி" என்றார் காலா.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பிள்ளை வீட்டிலேயே இருந்ததால் அம்மா அன்றைக்குக் கறி வாங்கவில்லை. ஷாப்பும் பொங்கலுக்கு மூடியிருந்தது, ஆனால் வாட்ச்மேன் வழக்கம்போல் சங்கை ஊதிவிட்டான். அதிகாரி மாடியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் பக்கத்தில் இருந்தோம். சங்கு ஓய்ந்ததும் ஆற்றுப் பக்கமிருந்து ஒன்று வந்தது. இன்னொன்று. பிறகு கூட்டமாக. எங்கள் வீட்டுக்கு மேலே வந்து சுற்ற ஆரம்பித்தன. தலையைத் தாழ்த்தி எங்கள் கைகளைப் பார்த்தன. அதிகாரி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டார். சிரிப்பு போய்விட்டது. தம்பியிடம் ஏதோ இங்கிலீஷில் கேட்டார். தம்பி என்னிடம் கேட்டான், "இது இன்னாக்கா? எப்பவுமே இப்டித்தானா?"

நான் சொன்னேன். சட்டை, ஈரல், கூடை, சங்கு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, அந்த இன்ஜினு முன்னால வாயைத் தொறந்து காத்தை இழுத்துக்கினே போவும். அதுல ஒரு பறவை போச்சுன்னா முடிஞ்சுது. எங்களுக்கு எதிரி சீனாக்காரன் இல்ல, இதுங்கதான்" என்றான். "போன தடவ பறந்து வந்தப்ப கீழ என்னமோ கறுப்பா சுத்துதேன்னு சார் கேட்டாரு. நான் காக்கான்னு சொல்லிட்டேன்."

ஒவ்வொரு செவ்வாயும் நான் குதித்துக் குதித்துக் கையாட்டியது அந்தப் பருந்துகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த என் தம்பிக்கா? "நீ இந்தப் பக்கம் வராதடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "நெனச்ச பக்கம் திருப்ப அது இன்னா சைக்கிளா?" என்றான். அதிகாரி மேலிடத்துக்கு எழுதிப் பாதையை மாற்றச் சொல்வதாகவும், அது மாறும்வரை எங்கள் ஊரைத் தாண்டும்போது இன்னும் உயரத்தில் போவதாகவும் சொன்னார். நீங்கள் கீழே கறி போடுவதை நிறுத்துங்கள் என்றார். நல்ல யோசனைதான். அதில் தப்புச் சொல்ல எனக்கு இன்றைக்கும் ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உன்னாலதான் ஆபத்து என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. "இனிமே போடாதம்மா, மேலதிகாரிங்க கோவிச்சுக்கறாங்க" என்று மட்டும் சொன்னான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்கு இன்னாடா தெரியும்? நான் போடறதாலதான் நீ முழுசா திரும்பிப் போற" என்றாள். அவன் அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, போட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். சத்தியம் செய்துவிட்டு அவள் அடுப்படிக்குள் போய் அழுதாள். அவர்கள் இரண்டு பேரும் அன்று சாயங்கால ரயிலில் போனார்கள்.

அடுத்த திங்கட்கிழமை நான் வீடு வீடாகப் போனேன். யாரும் நாளைக்குக் கறி போடக் கூடாது, ஷாப்புக் கூடை வரக் கூடாது என்று சொன்னேன். காரணம் சொன்னால் அம்மா காதுக்குப் போய்விடுமே, அதனால் மேலிடத்து உத்தரவு என்றேன். "வேலை கெடைக்கறதுக்கு முன்னாலயே டீச்சரம்மா பிரம்பை எடுத்துட்டாங்கடா" என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். காலாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, "ஏழைக்கு ஒரு வேளை சோறு போட்டாலும் அது சதக்காதான்மா. நான் நாளைக்கு அப்படிச் செஞ்சிடறேன். உங்கம்மாவைப் பாத்துக்கோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை சங்கு ஊதியது. பருந்துகள் வந்தன. தரையில் ஒன்றும் இல்லை. ஓட்டில் ஒன்றும் இல்லை. தெருமுனையில் கூடை இல்லை. ஓடுகளை உரசுகிற மாதிரி தாழ்ந்து வந்து பார்த்தன. ஒரு வீட்டுத் துவைகல்மேல் இருந்த சோப்பைத் தூக்கிக்கொண்டு போய் நடுத் தெருவில் போட்டது ஒன்று. கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தன. அம்மா அந்தப் பழைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் மாடியில் ஏறிக் கைப்பிடிச் சுவரில் துடைப்பத்தை அடித்து அடித்து விரட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவை மேலே ஏறின. வட்டம் போட்டு வட்டம் போட்டு ஏறின. ஏறி ஏறிப் புள்ளியாகிவிட்டன. அப்பாடா, தொலைந்தது என்று நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

இரை கிடைக்காத பருந்து உயரப் போய்த்தான் தேடும். அதை நான் யோசிக்கவில்லை. யார்தான் யோசித்தார்கள்?

இரைச்சல் வந்தது. வழக்கத்தைவிட மெலிசாக, மேலேயிருந்து வந்தது. சொன்னது சொன்னபடி அவர்கள் உயரத்தில் வந்தார்கள். வெள்ளியாக ஒரு பொட்டு. எங்கள் தெருவுக்கு நேராக வந்ததும் இறக்கை ஆடியது. அந்த உயரத்திலும் ஆட்டினான், பாவி. அப்போது டப்பென்று ஒரு சத்தம், காகிதப் பையை ஊதி உடைத்தது போல. பெரிய சத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகு இரைச்சல் நின்றுவிட்டது. அந்த அமைதியை நான் எப்படிச் சொல்ல? தெருவில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஷாப்புக்குள்ளே கத்திகள் நின்றுவிட்டன.

விமானம் புகையை விட்டுக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கியது. எங்கள் தெருவைப் பார்த்துத்தான் இறங்கியது. அம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே நீட்டினாள், பிடித்துக்கொள்கிறவளைப் போல. விமானத்திலிருந்து ஒரு பொட்டு தனியாக எகிறி விழுந்தது, குடை விரிந்தது. ஒரே ஒரு குடை. இன்னொன்று விரியும் என்று பார்த்தேன். விரியவில்லை. விமானம் மூக்கைத் திருப்பியது. தோல் ஷாப்புப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், ஓடுகளுக்குச் சற்று மேலே, ஆற்றுப் பக்கம் திரும்பிப் போயிற்று. பிறகு தரை அதிர்ந்தது. பாலாற்று மணலில் கறுப்பாகப் புகை எழுந்தது.

குடையில் இறங்கியது யார், மணலில் போனது யார்? அதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நைனா கத்தியோடு ஷாப்பிலிருந்து ஓடி வந்தார், அதைக் கீழே போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவருக்கு. அம்மா சட்டையோடு ஓடினாள். நான் ஓடும்போது வேண்டிக்கொண்டேன். என் தம்பி குடையில் இருக்கட்டும் என்று வேண்டினேன். அப்படி வேண்டினால் இன்னொருவரை மணலில் வைத்தாக வேண்டும் என்று தெரிந்தும் வேண்டினேன். வெட்கமாக இல்லையா என்றால், இல்லை. தெரியாதவர்கள் பேசலாம்.

கரும்புத் தோட்டத்தில் கயிறுகளில் சிக்கிக் கிடந்தது தம்பிதான். கால் உடைந்து திரும்பியிருந்தது, முதுகு அடிபட்டிருந்தது, உயிர் இருந்தது. அம்மா அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். சட்டையால் அவன் முகத்தைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போட்டிருந்தா இது நடந்திருக்குமாடி? சொல்லு. ஒரு வாரம் போடல. ஒரே ஒரு வாரம்" என்றாள்.

தெருவும் அதையேதான் சொன்னது. அத்தனை செவ்வாயும் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஒரு செவ்வாய் போடவில்லை, விழுந்தது. போட வேண்டாம் என்று வீடு வீடாக வந்து சொன்னவள் நான். குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், குடத்தை எடுத்து அடிக்கலாமா என்றிருக்கும். நான் செய்தது சரி! நடுத் தெருவில் நின்று கத்தியிருப்பேன். தம்பி என் வாயைக் கட்டிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்துப் பேச ஆரம்பித்தபோது நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். "நேரா வந்துச்சு அக்கா. அதோட கண்ணை நான் பார்த்தேன். உள்ள போச்சு. சார் என்னைப் பார்த்துப் போன்னு கத்துனாரு. நான் போய்ட்டேன். அவரும் பின்னாலயே வருவாருன்னு நெனச்சேன். கீழ நம்ம தெரு இருந்துச்சு, அதான் அவரு வரல" என்றான். பிறகு, "அம்மாகிட்ட பருந்துன்னு சொல்லாத. மிஷினு ரிப்பேருன்னு சொல்லு. தெரிஞ்சா அவ உயிரோட இருக்க மாட்டா" என்றான். அதனால் மிஷின் ரிப்பேர் என்றே சொன்னோம். நைனாவுக்கும் அப்படித்தான். காலாவுக்குத் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. பழியை நான் சுமந்தேன். அவனுக்காகச் சுமந்தேன், அவளுக்காகவும்தான்.

விமானங்களின் பாதையை மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு மேலே லவா வரவில்லை. தம்பி கோல் ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான், இனிமேல் பறக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வந்த மறுநாளே செவ்வாய்க்கிழமை. அம்மா அவனைக் காலா வீட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். கூடையில் ஈரல் இருந்தது. இந்த முறை சட்டை வேண்டியதில்லை, பிள்ளையே இருந்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றான்.

அம்மா ஒரு ஈரல் துண்டை எடுத்து அவன் தலையைச் சுற்றி, கையிலேயே வைத்துக்கொண்டாள். உடனே வீசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புள்ளைக்கு மட்டும் நான் போடாம போய்ட்டேன்டா. எங்கூட்டு ரசத்தைக் குடிச்சுது, என் காலைத் தொட்டுது. உனக்குப் போட்டேன், நீ இருக்க. அதுக்கு யாரும் போடல, அது போயிடுச்சு. எனக்கு ஏன்டா தோணல?" என்றாள். "அந்தத் தாய்க்கு வேற புள்ள இருக்காடா?" என்று கேட்டாள்.

"ஒரு தம்பி இருக்கான்மா."

"இன்னா பண்றான்?"

தம்பி கோலின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தான். "அவனும் லவாதான் ஓட்டறான்" என்றான்.

அம்மா கூடையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தாள். அந்தப் பிள்ளையின் சட்டை எங்களிடம் இல்லை. அதனால் அதையும் என் தம்பியின் தலையையே சுற்றினாள், அந்தத் தாயின் பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிச் சுற்றினாள். பிறகு இரண்டையும் சேர்த்து வீசினாள். மேலே பருந்துகள் ஏற்கெனவே வந்திருந்தன. இறக்கைச் சத்தம் கேட்டதும் தம்பி கோலைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தான். அம்மா அதைப் பார்க்கவில்லை. அவள் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.